அன்று அடிக்காத பறை

என் வீட்டுக்காரரைப் பற்றிய ஆவணப்படத்தை இன்று தொண்டாமுத்தூரில் போட்டார்கள். பண்ணையார் வீட்டுச் சாவில் பறையடித்துப் போராடியவர் என்று அதில் ஒரு குரல் சொன்னது.

படம் எடுத்த தம்பியைக் கூப்பிட்டேன்.

"ஏனுங் கண்ணு, டீக்கடையில எங்களுக்குத் தனி டம்ளர் வெச்சிருந்தாங்க. அதை எடுக்காம பண்ணாடி ஊட்டுச் சாவுக்கு அடிக்கமாட்டோம்னு பறையைக் கீழ வெச்சுப்போட்டாருங்க. அதானுங்க போராட்டம்!"

"அடிக்காததை எப்படிங்க பாட்டி காட்டுறது?"

அந்தச் சாவன்று என் வீட்டுக்காரர் எங்கள் மகளை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். சுடுகாட்டுப் பாதையில் அத்தனை பெரிய ஊர்வலம் போனது. செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

செருப்புச் சத்தத்தைப் பிடிக்கிற மைக் இன்னும் வரவில்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.