ஒட்டிப் பார்த்த மனு

என் தங்கை யோகமலர் சீனன்குடாவில் தட்டச்சு வேலை பார்த்தவள். வேலை போன பிறகு கப்பல்துறையில் தொலைநகல் அனுப்பும் பெக்ஸ் கடை ஒன்று போட்டாள். கடைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். காணாமற்போன பிள்ளையைத் தேடும் மனுவைக் கொழும்புக்கு அனுப்பியதும், கையெழுத்துத் தாளை எழுதியவர் கண்முன்னே கிழித்துத் துண்டுகளை அவர் கையிலேயே கொடுத்துவிடுவாள்.

சுவருக்கும் காதிருந்த 2007ஆம் ஆண்டு. சனம் அந்தக் கிழிசலை நம்பியது. அவள் மெசினை நம்பினாள். சுவிச்சை நிறுத்தினால் அதற்குள் ஒன்றும் தங்காது என்று விற்ற பாயிஸ் சொல்லியிருந்தான். ஒவ்வொரு மனுவுக்குப் பிறகும் நிறுத்துவாள்.

எங்கள் ஊர்க் குணமணியக்காவின் மூத்த மகன் வேலனைக் கூட்டிப்போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. இளையவனையும் தேடுகிறார்கள், கிண்ணியாவில் இன்ன கடைக்காரர் வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறேன், காப்பாற்றுங்கள் என்று அக்கா மனு எழுதினார். யோகமலர் அனுப்பினாள், கிழித்தாள், கொடுத்தாள்.

மறுகிழமை சீருடைக்காரர் கடையைச் சோதித்தார்கள். கடுதாசி ஒன்றும் அகப்படவில்லை. ஒருவன் மெசினின் சுவிச்சைப் போட்டு இரண்டு பொத்தான்களை அழுத்தினான். லைன் கிடைக்காவிட்டால் திரும்ப அனுப்புவதற்கென்று அது மெமரியில் வைத்திருந்த மனுக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மூன்றாவது குணமணியக்காவினது. அன்று பின்னேரமே கிண்ணியாவில் இளையவனைப் பிடித்தார்கள். மெசினையும் கொண்டுபோனார்கள்.

யோகமலர் டவுனுக்குப் போய்ப் பாயிஸிடம் கேட்டாள். உள்ளே சின்ன பற்றரி இருக்கிறது, கரண்ட் போனாலும் மெமரி போகாது என்றான். முன்னமே தெரியுமா என்று கேட்டாள்.

“தெரியும் அக்கா. சொன்னா நீங்க வாங்கமாட்டீங்களே.”

அவன்மேல் உள்ள ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஊரோ, இவள் நகல் எடுத்து வைத்துக் காட்டிக்கொடுத்தாள் என்றது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? மனு அனுப்பித் தரச்சொல்லிக் கெஞ்சியவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் குணமணியக்கா வந்தார். மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். யோகமலர் கிழித்துக் கொடுத்த துண்டுகள்தான். சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தார்.

“ஒட்டிப் பாத்தனான் மலர். ஒரு துண்டும் குறையேல்ல. நீ எடுக்கேல்ல. அப்ப ஆர் என்ரை பிள்ளையைக் காட்டிக்குடுத்தது?”

யோகமலர் மெசின் இருந்த வெறும் இடத்தைக் காட்டினாள்.

“நான் நம்பினதுதான் அக்கா.”

குணமணியக்கா தாளை மடித்து மடியில் செருகினார்.

“நான் நம்பினது உன்னையெல்லோ,” என்றார்.