மைனா கண்ணாடிக்கு அளவு கொடுத்த சபுரா அக்கா

சபுரா அக்கா காலமான செய்தி போன வெள்ளிக்கிழமை காலை வந்தது. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கடையில் வேலை பார்க்கும் மும்தாஜ் போனில் பேசினார். "அண்ணே, அக்கா மௌத்தாயிட்டாங்க. காலைல நெஞ்சு வலின்னாங்களாம். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்னு சொல்றாங்க, வந்துருங்க." எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அவரிடம் ஒரு மன்னிப்பைக் கேட்காமலே விட்டுவிட்டேனே என்ற பதற்றம்தான் வந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வருடம் தள்ளியிருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் அக்கா ஃபிட்டிங் வேலை பார்த்தார். லென்ஸை வெட்டிப் பிரேமில் பொருத்துவது, சூடு காட்டி வளைப்பது, முகத்தில் மாட்டிச் சரிபார்ப்பது எல்லாம் அவர்தான். நான் ஒரு லென்ஸ் கம்பெனியின் விற்பனை ஆளாக அங்கே போய்வருவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சின்ன உருவம், உள்ளங்கைக்குள் அடங்குகிற முகம், கடை முழுக்கக் கேட்கிற குரல்.

ஒருநாள் முசிறியிலிருந்து ஓர் அம்மா வந்தார். புதுக் கூலிங் கிளாஸ் மூக்கில் நிற்காமல் வழுக்குகிறதாம். "எனக்குத்தான் மூஞ்சி சின்னதா போச்சு" என்று ஏதோ தப்புச் செய்தவர் போலச் சொன்னார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, உங்க மூஞ்சிக்கு என்ன கொறச்சல்? செஞ்சவனுக்கு அளவு தெரியல. அதுக்கு நீங்க ஏன் வெக்கப்படுறீங்க?"

அந்த அம்மா போனபின் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே லென்ஸ் வருகிற காகித உறைகள், நூற்றுக்கணக்கில். மற்றவர்கள் கிழித்துப் போடும் அந்த உறைகளில், சின்ன முகத்தோடு வந்த ஒவ்வொருவரின் அளவையும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். முகத்தின் அகலம், மூக்குத் தண்டின் அகலம், காது வரைக்கும் உள்ள நீளம். எதுக்குக்கா என்றேன். "யாராச்சும் ஒருத்தர் கேப்பாங்கல்ல தம்பி" என்றார்.

நான் கேட்டேன். அந்த டப்பாவை நம்பி வேலையை விட்டேன். சின்ன முகங்களுக்கென்றே ஒரு கூலிங் கிளாஸ் செய்வது என்று முடிவானது. கண்ணைச் சுற்றிக் கோடு போட்ட பறவை என்று 'மைனா' என்ற பெயரை வைத்ததும் அக்காதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஒவ்வொரு மாதிரியையும் தானே மாட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரிப்பார். சிரிக்கும்போது கன்னம் தட்டிப் பிரேம் மேலே ஏறினால் அது தள்ளுபடி. "சிரிக்க விடாத கண்ணாடி எதுக்கு தம்பி?" ஐந்து மாதிரிகள் அப்படிப் போயின. ஆறாவதில், முக்காட்டுக்குள் காதுக் கம்பி அழுத்துகிறது என்றார். எனக்கோ எரிச்சலான எரிச்சல். கம்பியை மெலிதாக்கிய ஏழாவதைப் போட்டுச் சிரித்து, குனிந்து, தலையை உதறிப் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார்.

இனி என் வெட்கக்கேடு. போஸ்டருக்கு அக்காவின் முகம்தான் பொருத்தம். அந்த முகத்தில் வைத்துத்தான் பிரேமையே செய்தோம். நான் அவரைக் கேட்கவில்லை. முஸ்லிம் வீட்டுப் பெண்மணி, ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நானே முடிவு செய்தேன். அதற்கு மரியாதை என்றும் பெயர் வைத்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு வயது முகம் விற்காது என்ற பயம்தான் உண்மை. சென்னையிலிருந்து ஒரு மாடல் பெண் வந்தார். மைனா அவர் முகத்தில் ஏறவே இல்லை. கடைகளில் கிடைக்கும் பெரிய பிரேம் ஒன்றை வாங்கி, அதிலிருந்த பெயரை அழித்து, மைனா என்று பதிக்கச் சொன்னேன். யாரிடம்? அக்காவிடமேதான். "என்னைக் கேட்டிருக்கலாம்ல தம்பி. வீட்ல பேசிட்டுச் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு குனிந்து வேலையைச் செய்து கொடுத்தார்.

தில்லை நகரில் எங்கள் கடையின் திறப்பு விழா. ஒரு கல்லூரிப் பெண் மைனாவை மாட்டிப் பார்த்துவிட்டுப் போஸ்டரையும் பார்த்தார். "அவங்களுக்கு நல்லா எடுப்பா பெருசா இருக்கு. எனக்கு அப்படி இல்லையே. என் முகம்தான் சரியில்ல போல."

அக்காவால் பொறுக்க முடியவில்லை. "உன் முகம் சரியாத்தான் இருக்கும்மா. போஸ்டர்ல இருக்கிறது இந்தக் கண்ணாடியே இல்ல. அது வேற."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நான் ஓடிப்போய்ப் பல்லை இளித்தேன். "அக்கா சும்மா விளையாடுறாங்க, நம்பாதீங்க." எல்லோரும் சிரித்தார்கள். அக்கா தன் கைக்குட்டையை எடுத்து, அந்தப் பெண் கழற்றி வைத்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

அதன்பின் பழைய வேலையை விட்டு எங்கள் கடைக்கே வந்துவிட்டார். தம்பி என்றே கூப்பிட்டார். டீ வந்தால் எனக்கு ஒரு டம்ளர் எடுத்து வைத்தார். ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன். போஸ்டர் வெளுத்தபோது புதிது அடித்தேன். அப்போதும் அதே படத்தைத்தான் போட்டேன்.

அடக்கத்துக்குப் போனேன். ஷார்ஜாவில் இருக்கும் அவர் மகனால் வந்துசேர முடியவில்லை. மறுநாள் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, அம்மா முகத்தைக் கடைசியா பாக்க முடியல. உங்ககிட்ட நல்ல போட்டோ இருக்கும்ல? அம்மாவை வச்சுத்தானே எல்லாம் செஞ்சீங்க."

என் போனில் அறுபதுக்கும் மேல் இருந்தன. பிரேம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக எடுத்தவை. எல்லாமே புருவத்திலிருந்து மூக்கு நுனி வரைக்கும்தான். கண்களையும் கறுப்புக் கண்ணாடி மறைத்திருந்தது. அவ்வளவு சிரித்தாரே, அந்த வாய் ஒன்றில்கூட இல்லை. வேறு வழியில்லாமல் நான்கைந்தை அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"அண்ணே, இதுல அம்மா எங்க?"

அவருக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. அக்கா, அன்று தில்லை நகரில் நீங்கள் விளையாடவில்லை. நீங்கள் சொன்னதுதான் உண்மை, பொய் சொன்னது நான். அந்தக் கூட்டத்தில் சொல்லத் துணியாததை இப்போது எழுதுகிறேன், உங்கள் மகனும் படிப்பார். போய் வாருங்கள் அக்கா.