நூற்றெழுபது கேள்விகளும் மொரீன் ஹூடாக்கும்

ஸ்க்ராண்டன் ஊரில் மொரீன் ஹூடாக்கிடம் யாரும் தங்கள் கஷ்டத்தை முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. பாதி சொல்வதற்குள் அவள் தீர்வோடு எழுந்து நின்றுவிடுவாள். வீட்டில் ஹீட்டர் ஓடவில்லை என்று ஒருத்தி மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தால், அவள் கைக்குட்டையைத் தேடி எடுப்பதற்குள் மொரீன் ஹீட்டருக்கு எண்ணெய் ஊற்றும் கம்பெனிக்காரனை போனில் வறுத்துக்கொண்டிருப்பாள். பதினாறு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். பின்னால் ஐம்பது பிள்ளைகள் அடித்துக்கொள்ளும்போது, "உனக்கு இப்போ மனசு எப்படி இருக்கு?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தால் பஸ் ஆற்றில்தான் போய் நிற்கும்.

நாற்பத்துநாலாம் வயதில் அவளுக்குப் படிப்பு ஆசை வந்தது. முதுகலைப் பட்டம் வாங்கி, மனநல மருத்துவமனை ஒன்றில் சமூகப் பணியாளராகச் சேர்ந்தாள். தனியாக சிகிச்சை தர லைசன்ஸ் வேண்டுமென்றால், மேற்பார்வையில் மூவாயிரம் மணி நேரம் வேலை பார்த்துக் காட்டு என்றது சட்டம். காட்டினாள். அப்புறம் ஒரு தேர்வு எழுது என்றது. அங்கேதான் வண்டி குடை சாய்ந்தது.

நூற்றெழுபது கேள்வி, நான்கு மணி நேரம். கேள்விக்கு நாலு பதில், நாலுமே பார்க்க யோக்கியமாகத்தான் இருக்கும். கடைசியில் மட்டும், "சமூகப் பணியாளர் முதலில் செய்ய வேண்டியது என்ன?" என்று ஒரு கொக்கி. சிகிச்சைக்குத் தொடர்ந்து தாமதமாக வருகிறவரை என்ன செய்வது என்று கேட்டால், மொரீன் தன் காரில் போய் அழைத்து வருவாள். வேலையை விடலாமா என்று கேட்கிறவருக்கு, மூன்று கம்பெனி பெயரும் மேலாளர் நம்பரும் எழுதிக் கொடுப்பாள். தேர்வு வைத்தவர்களுக்கோ இரண்டும் பெரும் பாவம். முதலில் கேள், அப்புறம் புரிந்துகொள், அதற்கு அப்புறம் வேண்டுமானால் எழுந்திரு. பதறாத காரியம் சிதறாது என்பதைத்தான் நான்கு மணி நேரத்துக்கு நீட்டி வைத்திருக்கிறார்கள். மொரீன் மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும் போயிற்று.

மூன்றாவது தோல்வி பிப்ரவரியில். அதற்கு ஒரு மாதம் முன்புதான் மருத்துவமனை ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. முழு லைசன்ஸ் இல்லாத யாரும் மே மாதத்துக்குப் பிறகு சிகிச்சை அறையில் உட்காரக் கூடாது, அவர்களிடம் சிகிச்சைக்கு வருகிறவர்கள் வேறு ஒருவரிடம் மாற்றப்படுவார்கள். ஒரு முறை தோற்றால் தொண்ணூறு நாள் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும். கணக்குப் போட்டால் மே மாதம் இருபதாம் தேதி, ஒரே ஒரு வாய்ப்பு.

மொரீனுக்கு வேலை போவதைப் பற்றிக்கூட அவ்வளவு கவலையில்லை. பஸ் கம்பெனிக்காரன் இன்றைக்கும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அவள் கவலையெல்லாம் அவளிடம் சிகிச்சைக்கு வரும் செஸ்டர் நோவிக்கியைப் பற்றித்தான். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு பதினான்கு மாதம் வாசற்படியைத் தாண்டாதவர். அவரை வெளியே கொண்டுவர மொரீன் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இப்போது செவ்வாய்தோறும் பத்து மணிக்கு, மழையோ பனியோ, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார். சுற்றறிக்கையைப் பற்றி ஜனவரியில் சொன்னபோது அவர் முகம் செத்துவிட்டது.

"புது ஆள்கிட்ட முதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல மிசஸ் ஹூடாக். நான் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்குவேன்."

அதற்கு அப்புறம் மொரீனுக்குத் தூக்கம் ஏது?

அவளுடைய மேற்பார்வையாளர் விட்னி, முப்பத்தொரு வயதுப் பெண். முதல் முறையிலேயே தேறியவள் என்பதால் மொரீனுக்கு அவள்மேல் லேசான எரிச்சல் உண்டு.

"உங்களுக்கு எல்லாம் தெரியும் மொரீன். கொஞ்சம் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க, அது போதும்."

"கையைக் கட்டிக்கிட்டு உக்கார்றதுக்கு எதுக்கும்மா லைசன்ஸு? எங்க வீட்டுக்காரர் லைசன்ஸ் இல்லாமலே முப்பது வருஷமா அதைத்தான் செய்றாரு."

சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஆனால் வாயில் வந்தது வரமாகிப் போனது.

அவள் கணவர் வால்ட்டர், எண்ணெய் லாரி ஓட்டி முழங்கால் தேய்ந்தவர். சாய்வு நாற்காலியும் அவரும் ஓருயிர் ஈருடல். அன்று மாலை மொரீன் முட்டைக்கோஸையும் நூடுல்ஸையும் வெண்ணெயில் வதக்கிக்கொண்டே, அடுப்புக்குப் பக்கத்தில் கேள்வி அட்டைகளைப் பரப்பி வைத்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். வால்ட்டர் ஹாக்கி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தன் மூணு வாரமா லேட்டா வர்றான். முதல்ல என்ன செய்யணும்?"

"ஏன் லேட்டுன்னு கேக்கணும்," என்றார் வால்ட்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உன்னை யாரு கேட்டா?" என்றபடி அட்டையைத் திருப்பினாள். அதுதான் விடை.

"சரி, இதைச் சொல்லு. அம்மாவும் மகளும் உன் ரூம்ல கத்திக்கிட்டு நிக்கிறாங்க. அம்மாக்காரி, 'நீங்களாவது இவளுக்குப் புத்தி சொல்லுங்க'ங்கறா."

"எனக்கு என்ன தெரியும் அவங்க சண்டை? ரெண்டு பேரையும் உக்கார வெச்சு என்ன விஷயம்னு கேளு."

அதுவும் சரி. மொரீன் அடுப்பை அணைத்தாள். முட்டைக்கோஸ் பாதி வெந்தபடி கிடந்தது. நாற்காலிக்கு எதிரே வந்து நின்று ஐம்பது அட்டைகளையும் ஒவ்வொன்றாக நீட்டினாள். வால்ட்டருக்கு நாற்பத்து மூன்று சரி. அதே அட்டைகளில் அவளுக்கு முந்தின நாள் இருபத்தொன்பது.

"சமூகப் பணின்னா என்னன்னே தெரியாது உனக்கு!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தெரியாததுனாலதான் கேக்கச் சொல்றேன்," என்றார் வால்ட்டர். "பசிக்குது மொரீன். முதல்ல என்ன செய்யணும்?"

அன்றிலிருந்து மூன்று மாதம், நாற்காலியில் சாய்ந்திருக்கும் அந்த மனிதரை மொரீன் பாடப் புத்தகம் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரன் வேலியைப் பற்றிப் புலம்ப வந்தால், வால்ட்டர் "ம்" என்பார், "அப்புறம்?" என்பார். கால் மணி நேரத்தில் அவன் தன் தகராறைத் தானே தீர்த்துக்கொண்டு நன்றியும் சொல்லிவிட்டுப் போவான். இத்தனை வருஷமாக இதைச் சோம்பேறித்தனம் என்றே நினைத்திருந்தாள். அதில் பாதி சோம்பேறித்தனம்தான், சந்தேகமில்லை. மீதிப் பாதிதான் அவளைச் சிந்திக்க வைத்தது.

மே இருபது வந்தது. தேர்வு மையத்தில் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள், சட்டைக் கைகளை மடித்துவிடச் சொன்னார்கள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிச் சட்டத்துக்குள் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருமல் மிட்டாயைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். சிறைக்குப் போகிறவனுக்குக்கூட இதைவிட மரியாதை உண்டு என்று மொரீனுக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. முதலில் கேள், அப்புறம் புரிந்துகொள்.

ஒவ்வொரு கேள்விக்கும் அவள் கை பழக்க தோஷத்தில், போன் போடு, காரை எடு என்கிற பதிலுக்குப் போகும். உடனே மனசுக்குள் வால்ட்டரை எழுப்புவாள். வால்ட்டர் இருந்தால் என்ன செய்வார்? எழுந்திருக்க மாட்டார். கேட்பார். அந்தப் பதிலை அழுத்துவாள். ஒரே ஒரு கேள்வியில், அடுத்த வீட்டுக்காரனைக் கொல்லத் துப்பாக்கி வாங்கி வைத்திருக்கிறேன் என்று ஒருவன் சொன்னபோது, வால்ட்டரை வெளியே அனுப்பிவிட்டுப் போலீஸுக்கும் அடுத்த வீட்டுக்காரனுக்கும் சொல்லிவிட்டாள். அந்த ஒரு இடத்தில் பஸ் ஓட்டினவள்தான் சரி.

முடிந்ததும் வாசல் மேஜையில் இருந்த பெண் ஒரு தாளைக் கவிழ்த்து நீட்டினாள். மொரீன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்தாள். அதுவும் விதிக்கு விரோதம்தான்.

வெளியே காரில் காத்திருந்த வால்ட்டர் அவள் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. பக்கத்து ஊரான ஓல்ட் ஃபோர்ஜுக்கு வண்டியை விட்டு, ஒரு முழு டிரே பீட்சா சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு செஸ்டர் வந்து உட்கார்ந்தார். மொரீனால் அடக்க முடியவில்லை.

"பாஸ் பண்ணிட்டேன் செஸ்டர்! இனிமே உங்களை யாரும் மாத்த முடியாது."

"அப்பாடா!" செஸ்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மாதா காப்பாத்திட்டா. இனிமே நான் தைரியமாச் சொல்லலாம்."

"என்ன சொல்லணும்?"

அவர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "ஜனவரியில நான் சொன்னது நெசம்தான். ஆனா மார்ச்சுல சர்ச்சு ஆளுங்க, பந்தை உருட்டிக் கட்டையைச் சாய்ப்பாங்களே, அந்த பவுலிங் ஆடக் கூப்பிட்டாங்க. செவ்வாக்கிழமை பத்து மணிக்கு. அப்பவே சேந்திருப்பேன். உங்க பரிட்சை முடியாம நான் நின்னா உங்க மனசு ஒடைஞ்சிடுமோன்னுதான் வந்துக்கிட்டிருந்தேன்."

இந்த மனிதருக்காகத்தான் மொரீன் மூன்று மாதம் அட்டைகளோடு மல்லுக்கட்டினாள். அவரோ அவளுக்காகப் பத்து வாரம் பவுலிங்கைத் தியாகம் செய்துவிட்டு, இந்த நாற்காலியில் வந்து கஷ்டப்பட்டிருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது வாருங்களேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"நிறுத்திக்கறதுல உங்களுக்கு எப்படி இருக்கு செஸ்டர்?"

"நல்லா இருக்கு. உங்களுக்கு?"

இதற்கு எந்த அட்டையிலும் விடை போட்டிருக்கவில்லை. "சந்தோஷமா இருக்கு," என்றாள் மொரீன். கண் நிறைந்துவிட்டது. "கஷ்டமாவும் இருக்கு."

செஸ்டர் அவசரப்படவில்லை. மேஜையிலிருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, அவள் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம்தான் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"முதல் ரெண்டு செவ்வாக்கிழமைதான் மிசஸ் ஹூடாக் கஷ்டமா இருக்கும்," என்றார். "அப்புறம் பழகிடும்."