லின்ஃபீல்ட் வீட்டின் மெழுகு

மெழுகுதிரி செத்தவர்களுக்கு. என் தம்பிக்கு எதற்கு?

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. "இந்த வருசமாவது சுலக்ஷனுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுப்பம், றொஷானி. நீர் ஓம் எண்டு சொன்னால் போதும்," என்று என் கணவர் றொய்ஸ்டன் சாப்பாட்டு மேசையில் கேட்டபோது மனதுக்குள் நினைத்துக்கொண்டது. போர் முடிந்த நாளில் இராணுவம் தம்பியைப் பேருந்தில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறக்கியதைக் கண்டவர்கள் இல்லை. பதினாறு வருடங்களாக நான் அவனுக்காகத் திரி ஏற்றவில்லை. ஏற்றினால், அவன் செத்துவிட்டான் என்று நானே கையெழுத்துப் போட்டதுபோல் ஆகிவிடும்.

இந்தப் பிடிவாதம் தெரிந்தால்தான் பிறகு நடந்தது விளங்கும். நடந்தது உண்மை. நம்பாதவர்கள் ஆக்லாந்தில் லின்ஃபீல்ட் பக்கம் வந்தால் பலகையைக் காட்டுகிறேன். தொட்டுப் பார்க்கலாம்.

வீட்டை நாங்கள் முதலில் பார்த்தது மார்ச் மாதம். முன்பு இருந்தவர் ஓர் அமெரிக்க அம்மா. தனியாக இருந்து, அங்கேயே இறந்தவர். அவருடைய பிள்ளைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். நாங்கள் வாங்கிக் குடிவந்தபோது, சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலமாரியின் மேல்தட்டில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. முழங்கை நீளப் பலகை. தலை, தோள், இரண்டு கால்கள் என்று ஆள் உருவில் செதுக்கியது. வயிற்றைச் சுற்றி, காயத்துக்குக் கட்டுப் போட்டதுபோல, கயிறாகத் திரித்த மஞ்சள் மெழுகு.

"என்ன கோதாரியோ, எறியும்," என்றார் றொய்ஸ்டன்.

நான் மின்சாரம் இல்லாத வருடங்களில், ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்தவள். மெழுகை எறிய எனக்குக் கை வராது. வைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம், இங்கே குளிர்காலம். ஒரு புயல் நாள். மாலை ஐந்தரைக்கே நல்ல இருட்டு. மின்சாரம் போய்விட்டது. றொய்ஸ்டனுக்குப் பாலத்துக்கு அப்பால் ஆல்பனியில் வேலை. பாலத்தை மூடிவிட்டார்கள், வரப் பிந்தும் என்று செய்தி அனுப்பியிருந்தார். அதை வாசித்து முடிக்கக் கைபேசியும் அணைந்தது. பலகையை மேசையில் வைத்தேன். மெழுகின் நுனியை நிமிர்த்திப் பற்றவைத்தேன்.

தேன் மணம் வந்தது.

ஜன்னல் இடுக்கில் காற்று விசிலடித்தது. திரைச்சீலை ஆடியது. சுடர் ஆடவில்லை.

நல்ல மெழுகாக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தவர்கள் எல்லோரும் முதலில் இப்படி ஏதாவது சொல்லிக்கொள்வார்கள்.

பின்னால் ஒரு சத்தம். டக்… டக்…

மரத்தரையில் யாரோ முழங்கால் ஊன்றும் சத்தம். ஒன்று. பிறகு மற்றது.

"டொமிங்கோ."

வயதான பெண்குரல். அமெரிக்க உச்சரிப்பு. பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தியது.

அந்த நிறுத்தம் எனக்குப் பழக்கமானது. மன்னாரில் எங்கள் தெருவில் சாவீட்டுச் செபம் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகப் பதில் சொன்னது.

"முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக."

"ஹுவானா."

சொன்னேன்.

"மார்த்தின்."

சொன்னேன். பலகையில் மெழுகு ஒரு சுற்று தானாகக் கழன்றது.

"பெர்னார்டா."

சொன்னேன். மூச்சு என் பிடரியில் பட்டது. குளிர்ந்த மூச்சு…

"சுலக்ஷன்."

அமெரிக்க உச்சரிப்பு இல்லை. அம்மா கூப்பிடுகிற மாதிரி. அதே இழுவை.

"முடி…"

நாக்கைக் கடித்தேன். இரத்தம் உப்பாக இருந்தது.

குரல் காத்திருந்தது. பிறகு மெதுவாக, கெஞ்சுவதுபோல…

"சுலக்ஷன்."

"இல்லை."

"சுலக்ஷன்."

"இல்லை! அவன் உங்கட ஆளில்லை. செத்த ஆளுமில்லை!"

சுடரை விரல்களால் நசுக்கினேன்.

இருட்டு.

டக்… டக்…

எழுந்துவிட்டது.

றொய்ஸ்டன் வந்து கதவைத் தட்டும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு வேதவள்ளியிடம் போனேன். மலேசியாக்காரி. அந்த அமெரிக்க அம்மாவுக்குச் சமைத்துக் கொடுத்தவள்.

"அவங்களா? ஸ்பானிஷான்னு மட்டும் கேட்டுடக்கூடாது லா. 'நாங்க பாஸ்க்!'னு சண்டைக்கே வந்துருவாங்க. மக நம்பர் இருக்கு, தரேன். ஏன், பைப்பு ஒழுகுதா?"

"ஓம், ஒழுகுது," என்றேன்.

மகளின் பெயர் அமாயா. அமெரிக்காவில், ஐடஹோவில் இருக்கிறாள். அவளை அழைத்துப் பலகையைப் பற்றிக் கேட்டேன். நிறையச் சொன்னாள். பாஸ்க் என்பது ஸ்பெயினும் பிரான்சும் சேரும் மலைப்பக்கத்து மக்கள். அமெரிக்கா ஒரு நாடாக ஆகுமுன்னரே ஸ்பெயினின் ஆட்களோடு கலிஃபோர்னியாவுக்குப் போனவர்களில் அவர்கள் இருந்தார்கள். அவளுடைய குடும்பம் பின்னால் ஆடு மேய்க்க ஐடஹோவுக்கு வந்தது. எங்கே போனாலும் அவர்களை ஸ்பானியர் என்றே பதிவில் எழுதினார்கள். அவளுடைய தலைமுறைக்கு மொழி தெரியாது. இந்த மெழுகை மட்டும் அவள் அம்மா விடவில்லை, ஆக்லாந்துவரை கொண்டுவந்தார்.

"எங்களுக்கு வீடுதான் பெரிது. குடும்பப் பெயரே வீட்டிலிருந்துதான் வரும். வீட்டின் இறந்தவர்களுக்கு வீட்டுக்காரி மெழுகு ஏற்ற வேண்டும். இரத்த உறவு தேவையில்லை. வீட்டை வாங்கியவளும் வீட்டுக்காரிதான். நீங்கள் ஏற்றிவிட்டீர்கள் அல்லவா?"

எந்தெந்தப் பெயர்கள் என்று கேட்டேன். டொமிங்கோ, ஹுவானா, மார்த்தின், பெர்னார்டா என்றாள். பிறகு தயங்கினாள்.

"கடைசி நாட்களில் அம்மா ஐந்தாவதாக ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை. யாரம்மா என்று கேட்டேன். 'அவனுடைய அக்கா இனிமேல்தான் வருவாள்' என்றார்."

அந்தப் பெயரை அவள் தட்டுத் தடுமாறிச் சொன்னாள்.

அவளுடைய அம்மா இறந்தது ஜனவரியில். அப்போது அந்தத் தெருவின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

என் காத்திருப்பை முடித்துவைக்க எத்தனை பேர்! அதிகாரிகள், பங்குச் சுவாமிமார், பக்கத்தில் படுக்கும் கணவர். இப்போது, முன்பின் அறியாத ஒரு செத்த பெண். அவருக்குத் தெரிந்திருக்கலாம். எனக்கு அது போதாது.

"அவர்களை இருட்டில் விட்டுவிடாதீர்கள்," என்றாள் அமாயா. அவள் அழுதுகொண்டிருந்தாள். "ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்ச நேரம். ஐந்து பேரையும் சொல்லி…"

"நாலு பேர்," என்றேன்.

"அம்மா சொன்னது ஐந்து. ஒருவரை விட்டுவிட்டு ஏற்ற முடியாது. எங்களிடம் அப்படி வழக்கமில்லை."

"அப்படியென்றால் நான் ஏற்ற மாட்டேன்," என்றேன். குரலை உயர்த்தவில்லை.