நாளை மாற்றவிருந்த எண்

அந்த ஸ்கேன் மையத்தில் படங்களை எடுத்துக்கொடுக்கும் சர்வர் கணினியைப் பார்த்துக்கொண்டவளுக்குப் 'பொறுமை' என்று பட்டம் கொடுத்தவர் மேனேஜர். "படம் திறக்கலையா? பொறுமையைக் கூப்பிடு" என்பார். அது ஆளா, அறிவுரையா என்று புதிதாக வந்த டாக்டர்களுக்கு விளங்காது.

ஒரு நுரையீரல் ஸ்கேன் திறக்க நான்கு நிமிடம். அதற்குள் டாக்டர் பத்து விரல் நகத்தையும் வெட்டி முடித்திருப்பார். காத்திருப்பவர்களிடம் திட்டு வாங்கியது வரவேற்பில் உட்கார்ந்திருந்த அவளுடைய அண்ணி. வாங்கியதைச் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து நாத்தனாரிடம் சேர்த்துவிடுவாள்.

மேனேஜரும் சும்மா இருக்கவில்லை. வேகக் குழு ஒன்றை அமைத்தார். குழு ஐந்து முறை கூடி, காத்திருப்பவர்களுக்கு இன்னும் மெத்தென்ற நாற்காலி வேண்டும் என்று கண்டுபிடித்தது.

பொறுமை அந்த லினக்ஸ் சர்வரின் அமைப்புக் கோப்புகளை வரிவரியாகப் படித்தாள். மூன்றாம் நாள் சிக்கியது. படங்களைச் சேமித்துவைக்கும் டிஸ்க் பெட்டிக்கு ஒரே சமயத்தில் எத்தனை வேலை அனுப்பலாம் என்று, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்குச் சொல்லும் எண் அது. அங்கே போட்டிருந்தது வெறும் ஒன்று. டிஸ்க் பெட்டி கை நிறைய வாங்கத் தயாராக இருக்க, டிரைவர் ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'தற்காலிகம். நாளை மாற்றிவிடுவேன்.' ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி, மேனேஜர் பெயரின் முதலெழுத்து. அப்போது சர்வர் அவர் பொறுப்பில் இருந்தது.

மதிய இடைவேளையில் எண்ணை அறுபத்துநாலாக்கி, சர்வரை நிறுத்திக் கிளப்பினாள். கொஞ்சம் பேராசைதான். அரை மணியில் அண்ணி போன் பண்ணினாள்.

"படமெல்லாம் பறக்குது. ஆனா ரிப்போர்ட் ஒண்ணுகூட வரமாட்டேங்குது. இதுக்கு அதுவே பரவாயில்ல."

ரிப்போர்ட்டைத் தரும் இன்னொரு சர்வருக்கும் அதே டிஸ்க் பெட்டிதான். இந்தப் பக்கத்து நெரிசலில் அதற்கு வழி கிடைக்கவில்லை. முகம் சிவக்க எண்ணை முப்பத்திரண்டாகக் குறைத்து மறுபடி கிளப்பினாள். இரண்டும் ஓடின. நுரையீரல் இருபது நொடியில் திறந்தது.

வேகக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டு, என்ன செய்தாய் என்று மேனேஜர் கேட்டார்.

"ஆறு வருஷம் முன்னாடி யாரோ நாளைக்கு மாத்துறேன்னு எழுதி வச்சிருந்தாங்க, சார். நான் மாத்திட்டேன்."

மேனேஜர் மின்விசிறியை வெகு அக்கறையாகப் பார்த்தார். சாயங்காலம் சுற்றறிக்கை வந்தது: வேகக் குழுவின் அயராத உழைப்புக்குப் பாராட்டு.

மேனேஜர் பேரைப் போட்டு உடைக்கவேண்டியதுதானே என்று அண்ணி வீட்டில் பொரிந்து தள்ளினாள். மறுநாள் பொறுமை, இரண்டு வருடமாகக் கிடைக்காத பத்து நாள் லீவுக்கு எழுதிக்கொண்டுபோய் நீட்டினாள். மேனேஜர் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். பத்து போதுமா என்று மட்டும் கேட்டார்.