அளவுக்கு வந்த முகக்கவசம்

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்கு ‘வெந்நீர்’ என்று பட்டப்பெயர். எந்தத் துணியும் கொதித்து இறங்கினால்தான் அவளுக்கு நம்பிக்கை. பெருந்தொற்று வந்த வருடம் நோயாளிகளின் விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. வீட்டில் பதினான்கு மாதப் பெண் குழந்தை.

வேலை முடிந்து வந்தால் நேரே கொல்லைப்புறம் போவாள். உடுத்தியிருந்தது வாளிக்குள் போகும். தலையோடு குளித்த பிறகும் முகத்தை மூடிக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்குவாள். தாவி வரும் குழந்தையைப் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்துபோவது லேசில்லை. ஆனாலும் ஒருநாள் தவறவில்லை.

கணவன் தையல்காரன். தெருவைப் பார்த்த அறைதான் கடை. பகலெல்லாம் பிள்ளை அவன் மடியில். சட்டை தைக்க ஆளில்லாத அந்த நாட்களில் முகக்கவசம் கேட்டு வந்தார்கள். அளவுச் சட்டை கொடுத்துப் பழகிய ஜனம், இதற்கும் அப்படியே செய்தது. போட்டிருந்ததைக் கழற்றி ஜன்னல் வழியே நீட்டி, இதே அளவில் நாலு வேண்டும் என்று வெறும் வாயோடு பேசிக்கொண்டு நின்றது. அவன் அதை விரித்து அளப்பான், தைப்பான், நூலைப் பல்லால் கடித்து அறுப்பான். இருபது வருடப் பழக்கம். ஊருக்கெல்லாம் தைத்தவன் தன் மூக்கை மூடவில்லை. வீட்டுக்குள் இருப்பவனுக்கு எதற்கு என்ற நினைப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். மாமியார் போனில், அந்த வேலையை விடச் சொன்னபோதே விட்டிருந்தால் என்று ஆரம்பித்தாள். சலவைச் சோடாவில் தோலுரிந்த தன் கைகளையே வெந்நீர் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நாள், எந்தத் துணி என்று மனம் ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்துத் தேடியது.

பரிசோதனை முடிவு வந்தது. பிள்ளைக்குத் தொற்று உறுதி. அவளுக்குத் தொற்று இல்லை. அவனுக்கு இருந்தது.

எத்தனை நாளாக உடம்புக்கு முடியவில்லை என்று நர்ஸ் கேட்டாள். நடைபாதையின் மறுகோடியில் நின்றவன் தலையைத் தொங்கப் போட்டபடி மனைவிக்குப் பதில் சொன்னான்.

“நாலு நாளாத் தொண்டை கரகரன்னு இருந்தது. சொன்னா நீ லீவு போடணும். சாதாரண சளிதானேன்னு விட்டுட்டேன்.” அப்புறம் ஜன்னல் கதை முழுவதையும் சொன்னான்.

வெந்நீர் அவன் பக்கம் திரும்பினாள்.

“சாப்பிட்டியான்னு தினம் கேட்டேன். யார் வந்தாங்கன்னு நான் ஒருநாள்கூடக் கேக்கல. போ, போய்த் தனியாப் படு. இவளை நான் பாத்துக்கறேன்.”

ஆறு நாள் அந்தக் கட்டிலோரம்தான். மூச்சை எண்ணினாள், சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டினாள். ஆறாம் நாள் பிள்ளை கரண்டியைப் பிடுங்கி நர்ஸ் மேல் வீசியது. “சண்டைக்காரி திரும்பி வந்துட்டா” என்றாள் நர்ஸ். வெந்நீர் அப்போதுதான் அழுதாள். அதுவும் அரை நிமிடம். உடனே எழுந்து கரண்டியைக் கழுவப் போனாள்.

அவனுக்கும் குணமான பிறகு கடை திறந்தது. ஜன்னலுக்கு வெளியே இரண்டு கை தூரத்தில் ஒரு கயிறு. அளவு முகக்கவசம் வாங்குவதில்லை; சின்னது, நடுத்தரம், பெரியது என்று அட்டை வெட்டி வைத்திருந்தான். அவன் முகத்தில் அவன் தைத்ததே இருந்தது. கழுத்தில் கத்தரிக்கோலை நாடாவில் கோத்து அவள்தான் மாட்டிவிட்டாள்.

பழக்கதோஷத்தில் நூல் இன்னும் சில சமயம் வாய்வரை போகும். முகக்கவசத் துணியில் முட்டி நிற்கும். பிறகுதான் கை கத்தரிக்கோலைத் தேடும்.