சம்பந்தியம்மா மாட்டிய வில்லை

என் மகளுடைய மாமியார் நகராட்சியில் தண்ணீர்க் குழாய் வேலை பார்க்கிறவர். புருஷன் பார்த்த வேலை. அவர் காலமான பிறகு, இவரை ஆபீஸ் பெருக்க வரச் சொன்னார்களாம். "பெருக்கறதுக்குத்தான் ஆள் இருக்கே, எனக்கு அவரோட ஸ்பானரக் குடுங்க" என்று கேட்டு வாங்கியிருக்கிறார். ஊரில் அவருக்கு ஸ்பானரம்மா என்றே பெயர்.

இரண்டு வருஷமாக மழை பொய்த்து, ஏரி தரை தட்டியதும் நகராட்சி சட்டம் போட்டது. வண்டியோ வாசலோ ஹோஸ் பிடித்துக் கழுவக் கூடாது. மீறினால் வீட்டுக் குழாயில் ஒரு பித்தளை வில்லையைச் செருகிவிடுவார்கள். அதன் நடுவில் குண்டூசித் தலையளவு ஓட்டை. மழை வருகிறவரை தண்ணீர் நூல் மாதிரிதான் விழும்.

பிரசவம் முடிந்து மகளும் பேரனும் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை வருகிற வாசல் இப்படித் தூசியாகக் கிடக்கிறதே என்று ஹோஸைப் பிடித்துப் படி, சுவர், கேட் எல்லாவற்றையும் அடித்துக் கழுவினேன். தண்ணீர் தெருமுனை வரை ஓடியது. யாரோ நகராட்சிக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே சம்பந்தியம்மா, காக்கிச் சட்டையோடு. பேரனைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"வாங்க சம்பந்தி, உள்ள வாங்க."

"நேத்து வாசலக் கழுவினது நீங்கதானா ஐயா?"

"என்ன, புதுசா ஐயாங்கறீங்க? நான்தான்."

"கொஞ்சம் நகந்துக்குங்க. குழாயக் கழட்டணும்."

உள்ளே பேரன் வீறிட்டு அழுதான். அவர் கை சற்று நின்றது. பிறகு ஸ்பானரைத் திருப்பினார். வில்லையை மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

என் மனைவி சும்மா இருப்பாளா?

"பொண்ணு எடுத்த வீட்லயே கை வைக்கறாங்க. பிள்ளையத் தூக்கிட்டுப் போக வழி பண்றாங்க, வேறென்ன. எல்லாம் உங்க ஹோஸால வந்த வினை."

மகளும் குழாயைத் திறந்து பார்த்தாள். "இதுல எப்படிப்பா பிள்ளத் துணி அலசறது? நான் அத்தை வீட்டுக்கே போயிடறேன்" என்று பையில் துணிமணியை அடுக்க ஆரம்பித்தாள். எனக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை. பேரனை ஒரே ஒரு ராத்திரிதான் வைத்திருந்தோம்.

சாயங்காலம் சம்பந்தியம்மா சேலை கட்டிக்கொண்டு, கையில் காலி வாளியோடு வந்தார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க?" என்று கேட்டேன்.

"எங்க கூட்டிட்டுப் போறது சம்பந்தி? என் வீட்லயும் இதே வில்லைதான். சட்டம் வந்த அன்னிக்கே மாட்டிக்கிட்டேன். ஊருக்கெல்லாம் மாட்டறவ வீட்ல தண்ணி கொட்டுச்சுன்னா எவன் மதிப்பான்?"

"அப்ப துணிக்கு என்ன பண்றது அத்தை?" என்றாள் மகள்.

"பாதி இங்க, பாதி அங்க. வாளி எதுக்குக் கொண்டாந்தேன்? காஞ்சதும் மடிச்சு எடுத்துட்டு வந்துடறேன். நீ பையப் பிரி."

மனைவிக்கு இன்னும் ஆறவில்லை. "காலையிலயே உள்ள வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"அவன் முகத்தப் பாத்திருந்தா ஸ்பானரப் பையில போட்டுட்டுத் திரும்பிப் போயிருப்பேன் அண்ணி. அதான் வரல."

மனைவி பேரனைத் தூக்கி வந்து அவர் மடியில் போட்டாள். போட்ட வேகத்தில் அவன் அவருடைய சேலையை முழங்காலிலிருந்து பாதம் வரை நனைத்துவிட்டான்.

"முதல்ல இவனுக்கு ஒரு வில்லை மாட்டுங்க சம்பந்தி" என்றேன்.

முதலில் சிரித்தது என் மனைவிதான். அன்றைக்கு நாங்கள் அலசிய பாதியில் அந்தச் சேலையும் சேர்ந்தது.